அம்முவுக்கு வந்து சேராத இசைத்தட்டு

ஜூன் 7, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. நான் சேர்த்து வைத்திருக்கும் குழந்தைகள் இசைத்தட்டு உறைகளில் மறுபடியும் பூஞ்சை. ஒவ்வொன்றாகத் துடைத்து மின்விசிறிக்கு அடியில் பரப்பல். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ராஜம் தாண்டித் தாண்டிப் போனாள். "கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு ஹைஜம்ப் பழக்கமாயாச்சு."

மழை விட்டதும் பழவங்காடி. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், பிறகு சுடலையின் ஆக்ரிக் கடை. பழைய பேப்பர், பாட்டில், இரும்பு நடுவே அவர் மட்டும் வெள்ளை வேட்டியில்.

"சாரே, வாங்க. பிள்ளையளுக்க ரெக்கார்டு வந்தா ஆருக்கும் குடுக்கப்பிடாதுன்னு சொல்லிட்டுல்லா போனீய? ஒரு பெட்டி வந்திருக்கு கேட்டோ."

தைக்காட்டில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்களாம். இருந்தவர் ஒரு இன்ஜினியர், வயதானவர், போன மாதம் காலமானார். மகள் பம்பாயிலிருந்து வந்து எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறாள். அவர் இளவயதில் அமெரிக்காவில் படித்தவர் என்பது பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது.

கோட்டைப் படம் போட்ட, அமெரிக்கக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் தட்டு. ரயில், ராட்டினம், கூட்டத்தின் இரைச்சல், நடுவில் ஒருவர் கதை சொல்வார். இத்தனை வருஷமாகத் தேடியது! படப் புத்தகத்தோடு ஒரு கதைத் தட்டு. தட்டில் மணி அடித்தால் பக்கம் புரட்ட வேண்டும். புத்தகத்தில் எலி கடி. மிருகங்களின் குரல் பதிந்த இன்னொரு தட்டு, ஒரு பக்கம் கீறல். அடியில், பெயர் ஒட்டாத சின்னத் தட்டு ஒன்று. உறையில் ராட்சதச் சக்கரம் அச்சடித்திருந்தது. அதன் மேல் பேனாவால், தமிழில்: அம்முவுக்கு.

இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்த ஊர்ப் பூங்காக்களில் டெலிபோன் கூண்டு மாதிரி ஒன்று இருக்குமாம். உள்ளே நின்று பேசினால் அங்கேயே தட்டில் குரலைப் பதிந்து கையில் கொடுத்துவிடும். மேலே மெல்லிய பூச்சுதான். முள் ஓடும் ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தேயும்.

வீட்டுக்கு வந்தும் போடவில்லை. மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஜூன் 8, திங்கள்

ஆபீஸ் அரை நாள் லீவு. காரணம் எழுதியது: வயிறு.

டேப் ரெக்கார்டரை வயர் போட்டு இணைத்தேன். ஒரே தடவை ஓட்டுவது, அப்போதே கேசட்டில் பிடித்துவிடுவது. ராஜம் குக்கரை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கரகரப்பு. பிறகு ஒரு பெண் குரல், நம் தெருத் தமிழ்:

"அம்மு... அம்முக்குட்டி... அம்மா பேசறேன். ஏன்னா, என்னத்தைச் சொல்றது?"

தூரத்தில் ஒரு ஆண் குரல்: "எதையாவது சொல்லு, ஓடிண்டிருக்கு."

"இங்கே ஒரு பெரிய சக்கரம் இருக்கு. அதுல ஏறி உச்சிக்குப் போனேனாக்கும். பயத்துல கத்திட்டேன். அப்பா சிரிச்சுட்டா." அவளும் சிரித்தாள், மூச்சு வாங்கும் வரை. "நீ அத்தையைக் கடிக்கறயாமே? கடிக்கப்படாது, கேட்டயா. கடிக்கணும்னு இருந்தா, நான் வந்தப்பறம் என்னைக் கடி. நான்..."

அவ்வளவுதான். தட்டில் இடம் தீர்ந்துவிட்டது.

ராஜம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு சொன்னாள், "இது நம்மாத்துல இருக்கப்படாது. அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துடுங்கோ."

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் சொன்னதும் ஒரு வலி. இந்த மாதிரி இன்னொன்று என் கைக்கு வராது.

சாயங்காலம் கோவில் வாசலில், என் காதுபடவே ஒருவர்: "குழந்தை இல்லாத ஆத்துல குழந்தைப் பாட்டு எதுக்காக்கும்?" செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். எனக்குப் பிடிக்கும். வேறு காரணம் இருந்தால் எனக்கே தெரியாது.

ஜூன் 9, செவ்வாய்

சுடலையிடம் விசாரித்ததில், மகள் தம்பானூரில் லாட்ஜில் தங்கியிருப்பது தெரிந்தது. வெள்ளிக்கிழமை ரயில். ஆபீஸ் விட்டு நேராகப் போனேன். மழையில் செருப்பு அறுந்தது.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி, நரைக்கு மை போடாத தலை. ரிசப்ஷனில் நின்றபடியே பேசினாள். வீட்டில் கூப்பிடும் பெயர் அம்முதானா என்று கேட்டேன். முகம் மாறியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். தட்டு எப்படிச் செய்வார்கள், பூச்சு எப்படித் தேயும் என்பதெல்லாம்கூடச் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ.

"வேண்டாம் சார். அந்த வீட்டுச் சாமான் ஒண்ணும் வேண்டாம்னுதானே தூக்கிக் கொடுத்தேன்."

"சாமான் இல்லை. உங்க அம்மா குரல்."

கொஞ்ச நேரம் வாசலில் ஆட்டோக்காரர்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மூணு வயசு முடியலை. அத்தைகிட்ட விட்டுட்டு அப்பா பின்னாடி போயிட்டா. அங்கேயே ஜுரம் வந்து போய்ச் சேர்ந்துட்டா. அப்பா திரும்பி வந்து ஒரு வார்த்தை அவளைப் பத்திப் பேசினதில்லை. அத்தைதான் பேசுவா. 'உங்கம்மாவுக்கு ஊர் சுத்தணும், உன்னைத் தூக்கிண்டு சுத்த முடியுமா'ன்னு. அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இப்போ குரலைக் கேட்டு என்ன பண்ணப் போறேன்?"

அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 10, புதன்

ராஜத்திடம் நேற்று நடந்ததைச் சொன்னதற்கு என் மேல்தான் கோபம். "ஊரைவிட்டு வந்து அப்பா காரியம் முடிச்சுட்டு லாட்ஜில தனியா இருக்கா. அவகிட்ட போய் பூச்சு தேயும்னு சொல்லுவாளா யாராவது? சாப்பிட வான்னுன்னா முதல்ல சொல்லணும்!"

மத்தியானம் அவளே கிளம்பித் தம்பானூர் போனாள். தனியாக. ஆபீஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டலில் இரண்டு தப்பு.

திரும்பி வந்து ஒரே வரி: "நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வரா. நீங்க வாயைத் திறக்கப்படாது."

ஜூன் 11, வியாழன்

அம்மு ஏழு மணிக்கு வந்தாள். பூசணிக்காய் எரிசேரி, ரசம், பொரித்த அப்பளம். இரண்டாம் தடவை எரிசேரி கேட்டு வாங்கிக்கொண்டாள். பம்பாயில் பூசணிக்காய் சரியில்லையாம். தன் மகளைப் பற்றிச் சொன்னாள்: இருபத்து நாலு வயது, வேலையில் சேர்ந்தாயிற்று, அம்மா பேச்சைக் கேட்பதில்லை. ராஜம் சிரித்தாள்.

சாப்பிட்டுக் கை துடைத்ததும் அவளாகவே, "சரி, போடுங்கோ" என்றாள்.

கேசட்டைத்தான் போட்டேன். தட்டு உறையோடு அவள் மடியில். கேட்டு முடியும் வரை சக்கரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடிக்கப்படாது" என்ற இடத்தில் கை ஒரு தரம் வாய்க்குப் போனது. முடிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஏன் விட்டுட்டுப் போனேன்னு ஒண்ணும் சொல்லலையே. சும்மா பேசறா." குரலில் கோபம். எழுந்து பையை எடுத்தாள். தட்டையும் கேசட்டையும் ராஜம்தான் பைக்குள் வைத்தாள். ஆட்டோ ஏறும்போது ராஜத்தின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு தலையசைப்பு.

உள்ளே வந்து பாத்திரங்களை எடுத்து வைத்தோம். பிறகு ராஜம் கேட்டாள்: "நாம பண்ணினது தப்போ? ஆறிப்போன புண்ணைக் கிளறிட்டோமோ?"

எனக்கும் அந்தப் பயம்தான். கோட்டைத் தட்டைப் போட்டுக் கேட்கலாம் என்று எடுத்தேன். மனம் வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

வெயில், பத்து நாளைக்குப் பிறகு. பாய், தலையணை எல்லாம் மொட்டைமாடியில்.

பதினோரு மணிக்கு எஸ்டிடி மணி. நான் எடுத்தேன். அம்மு, பம்பாயிலிருந்து.

"சார், அன்னிக்கு உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாம வந்துட்டேன்."

பரவாயில்லை என்றேன். அவள் நிறுத்தாமல் பேசினாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் கேசட்டை அலமாரிக்குள் தள்ளி மூடினாளாம். நேற்று மகள் எதையோ தேடும்போது கையில் அகப்பட்டு, இது என்ன என்று போட்டிருக்கிறாள். அம்மு அடுக்களையில் இருந்தாளாம்.

"கேட்டுட்டு ஓடி வந்து கேக்கறா, 'யாரும்மா இந்தப் பொண்ணு? என்னைவிடச் சின்னவளா இருப்பா போலிருக்கே, ஜெயண்ட் வீல்ல ஏறிட்டு இப்படிச் சிரிக்கறா'ன்னு. வாஸ்தவம் சார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு அப்போ இருபத்திரண்டு. புருஷன் வான்னா போகணும், குழந்தையை விடுன்னா விடணும். என் பொண்ணை அந்த வயசுல நான் தனியா ரயில்ல அனுப்பினதில்லை. நான் இத்தனை வருஷமா யாரோ ஒரு பெரிய பொம்மனாட்டி மேலன்னா கோவிச்சுண்டிருந்தேன்..."

பூச்சு, முள் என்று எதையும் சொல்லாமல் இருந்தேன். மகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"உன் பாட்டின்னேன். நம்பலை. மறுபடியும் போட்டா. ரெண்டு பேருமா தரையில உக்காந்துண்டு கேட்டோம்."

அதற்குள் ராஜம் ஈரக் கையோடு வந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். இதை எழுதும்போதும் பேசிக்கொண்டிருக்கிறாள். எரிசேரிக்குத் தேங்காயை எவ்வளவு சிவக்க வறுக்க வேண்டும் என்று.