விஷம் ஒரு டப்பா

மாப்ளே,

போன வாரம் உன்னால் எனக்குக் கடைவீதியில் மானம் போயிற்று. உன் கடை இருந்த இடத்தில் இப்போது ரேடியோ ரிப்பேர் நடக்கிறது. அதற்கு நாலு கடை தள்ளி ஓர் உரக்கடை திறந்திருக்கிறார்கள். என் முறை வந்ததும் வழக்கம்போலக் கேட்டேன்: "விஷம் ஒரு டப்பா குடுங்க."

கல்லாவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற ஒருவர் என் முழங்கையைப் பிடித்து உர மூட்டைமேல் உட்கார வைத்தார். யாரோ சோடா உடைத்தார்கள்.

"வீட்ல எதுவும் மனஸ்தாபங்களா, அண்ணே? பொண்ணு புள்ளைங்க இருக்காங்கல்ல?"

"ஒரு பொண்ணு இருக்குங்க. நெல்லுல புள்ளி விழுந்திருக்கு, அதுக்குத்தாங்க கேட்டேன்."

"அட, அதுக்கு மருந்துன்னு கேக்க மாட்டீங்களா! ஈரக்குலையே நடுங்கிப்போச்சு."

கடையே சிரித்தது. நானும் சோடாவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் சிரித்தேன். அதற்குள் கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். உன் கடையில் அடிக்கும் அதே லேசான புளிச்ச வாடை வந்தது. அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். உன்னை அடக்கம் செய்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் என்னைச் சந்தி சிரிக்க வைக்கிறாய்.

எட்டாம் வகுப்பு வரை நமக்கு ஒரே பெஞ்சு. நீ பாஸானாய். நான் பெஞ்சைப் பிரிய மனமில்லாமல் இன்னொரு வருஷம் இருந்தேன். பிறகு நீ பூச்சி மருந்துக் கடைக்காரன் ஆனாய். நான் கொள்ளிடக்கரையில் நெல் போடுகிறவன் ஆனேன். பத்து வருஷத்துக்கு முந்தி ஓர் ஐப்பசியில் பயிரெல்லாம் இலைக்கு இலை கண் கண்ணாகப் புள்ளி விழுந்ததும் உன்னிடம் ஓடி வந்தேன்.

சீமையிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தாய். உள்ளே வெள்ளைப் பொடி. "தண்ணியில கரையாதுடா. அடியில போய் உக்காந்துக்கும். கலக்கிக்கிட்டே அடிக்கணும். அளவு மிஞ்சினா பயிரே கருகிடும். இது வெள்ளீயம் சேந்த சரக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈயமா? எங்க வீட்ல தினம் ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கிறா. அதைப் போயி விஷங்கிறியே."

"சொம்புல இருக்கிறது சும்மா ஈயம். இது வேற ஒண்ணோட கூட்டுச் சேந்த ஈயம். உன்னோட சேந்து நான் கெட்ட மாதிரி" என்றாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்க. காத்துக்கு எதிர நிக்காத. கண்ணுல பட்டா கண்ணுக்கே ஆபத்து. டப்பாவை வாய்க்கால்ல கழுவினா மீன், நத்தை எல்லாம் செத்து மிதக்கும். மருந்துன்னு சொல்லாத மாப்ளே, விஷம்னு சொல்லிப் பழகு."

தலையை ஆட்டினேன். பாலம் தாண்டுவதற்குள் அது மறுபடியும் மருந்தாகிவிட்டது.

அப்போது என் கவலை நெல் மட்டுமில்லை. என் பெண்ணுக்கு ஏழு வயது. தலையில் வட்டம் வட்டமாகப் படை வந்து முடி உதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்கூலில் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அழும். "அதுவும் ஒரு பூஞ்சைதாங்க" என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். என் கால்விரல் இடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணும் பூஞ்சை, நெல்லில் விழுந்த புள்ளியும் பூஞ்சை. இந்த மூன்றையும் சேர்த்துக் கூட்டியபோது கணக்கில் தவறிய எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விடை சரியாக வந்தது போலிருந்தது.

வியாழக்கிழமை, மருந்தடித்தது போக மிச்சமிருந்த பொடியை, பவுடர் போடுகிற மாதிரி என் விரலிடுக்கில் போட்டேன். காந்தியது. காந்தினால் வேலை செய்கிறது என்றுதானே நமக்கு நினைப்பு? தலை சுற்றி வாந்தி வந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து வேலை செய்கிறது என்ற சந்தோஷத்திலேயே இரண்டு சிட்டிகை எடுத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்ணுக்கு எண்ணெய்க் குளியல்.

காலையில் பெண் தலையை விரித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தது. என் சம்சாரம் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள். வாசலில் சைக்கிள் மணி.

"உள்ள வரல மாப்ளே, ஜும்மாவுக்குள்ள திரும்பணும்" என்று மூச்சு வாங்க நின்றாய். உன் கடையில் மூட்டை கட்டுகிறவர் கண்ணில் அந்தப் பொடி பறந்து விழுந்து, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றாய். டப்பா வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு வருகிறாய் என்றாய். "தோல்ல பட்டாலே உள்ள இறங்கிடுமாம்டா. நான் உனக்குச் சரியாச் சொன்னேனா இல்லையான்னு ராத்திரியெல்லாம் யோசனை."

நான் உள்ளே ஓடினேன். "அந்த எண்ணெய் சிக்கடிச்சுப் போச்சு, வேற எடு" என்று பாட்டிலைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு வெளியே வந்து உன்னிடம் காலைக் காட்டினேன். கொப்புளம் கண்டிருந்தது.

"அடப்பாவி! நெல்லுக்கு அடிக்கச் சொன்னா உனக்கு நீயே அடிச்சுக்கிட்டியா? நீ என்ன குறுவையா, சம்பாவா?"

சோப்புப் போட்டுப் போட்டு நீயே கழுவிவிட்டாய். கழுவிய தண்ணீரை வாய்க்கால் பக்கம் விடாமல் குழி தோண்டி ஊற்றச் சொன்னாய். நீ போன பிறகு அந்தப் பாட்டிலையும் அதே குழியில்தான் புதைத்தேன். கதவோரம் நின்ற பெண்ணின் தலையைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா, நானும் வரேன்" என்றாய். வந்தாய். டாக்டர் கொடுத்த மாத்திரையும் களிம்பும் சில மாதத்தில் முடியை முளைக்க வைத்தன. உன் கடையாளுக்கும் கண் தெளிந்தது.

இப்போது அவள் பி.யு.சி. படிக்கிறாள், கெமிஸ்ட்ரி. பின்னல் இடுப்பைத் தொடுகிறது. ஈயச் சொம்பு ஏன் ஒன்றும் செய்யவில்லை, உன் பொடி ஏன் செய்தது என்று எனக்குப் படம் போட்டு விளக்கினாள். என்னோடு சேர்ந்து நீ கெட்ட கதைதான் அது, நீ சொன்னதே சுருக்கமாக இருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்கிறாள். எல்லாருக்கும் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "மாமா, இது மருந்தில்லை, விஷம்." அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தது நான் என்று நினைக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஏறுவதற்கு முன் நீ திரும்பிக் கேட்டாய்: "வேற யாருக்கும் தடவலையே?"

"இல்லை" என்றேன். பொய்யில்லை, மாப்ளே. நீ இன்னும் கால் மணி நேரம் பிந்தியிருந்தால் பொய்யாகியிருக்கும். பாட்டில் என் இடுப்பில்தான் இருந்தது. அதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை.