முதுகுப் பக்கத்து லைட்டு

தேனு, நான் மாட வீதியில பெருக்கப் போறேன். சோறு வடிச்சு வெச்சிருக்கேன், கருவாட்டுக் குழம்பைச் சுட வெச்சுத் துன்னு. சாவி மீட்டர் பெட்டி மேல கீது.

நேத்து உன் காலேஜ் போட்டியில, நீ செஞ்ச லைட்டு எரியிற கோட்டைப் போட்டுக்கினு உன் பக்கத்துலதான் நின்னேன். "இவங்க யாரு"ன்னு சார் கேட்டாரு. "தெரு பெருக்குறவங்க சார், கோட்டைப் போட்டுக் காட்ட கூட்டியாந்தேன்"னு சொல்லிட்ட. லைட்டை எரிய வெக்கிற அந்த வட்ட போர்டை, கரண்டு போற கம்பி நூல்ல கோட்டோட தச்சது நானு. அதைக்கூட விடு.

முதுகுப் பக்கம் ரெண்டு நூல் வாலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு, அதான் அந்த ஒரு லைட்டு எரியல. வெட்டிட்டேன், இப்ப எரியுது.

இன்னிக்குப் பரிசு குடுக்கறப்ப நான் வரல.

எனக்கு எழுத்து கத்துக்குடுத்தப்ப, மொதல்ல 'அம்மா'ன்னுதானே எழுத வெச்ச?