பெருவிரல் கேட்காத தாள்

நேற்று பேங்கில் என் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. அந்த விரலோடு உட்கார்ந்திருக்கும்போது பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். உம்முடைய மாதா கோயில் டீமின் தாள். அவளும் ஓடப்போகிறாளாம். மை வாடையும் அந்தத் தாளும் ஒன்றாக வந்ததில் உம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இதில் வருகிற சில சங்கதி அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

தாராவியில் நம் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். அப்போது பதினொரு வயது. நீர் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வேலைக்குப் போகும் முன் கோயில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடுகிறவர். நான் தோல்பை தைக்கும் கார்கானாவில் மிஷின் மிதிப்பவன். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாமி மட்டும் வேறு.

"உம்ம மவ காலு சும்மா கெடக்கக்கூடிய காலு இல்லவே. எங்க டீம்ல விடும்" என்றீர்.

"ஒங்க டீம்ல ஓடணும்னா சாமிய மாத்தணுமோ?"

"ஷூவ மாத்துனா போதும். அதையும் நாங்களே தாரோம்."

நீர் சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா ஷூ கொடுப்பவனை நான் பம்பாயில் அதுவரை பார்த்ததில்லை.

ஆனாலும் அனுப்பினேன். அவள் அழுத அழுகை அப்படி. இரண்டாம் நாள் திரும்பி வந்தபோது அவள் தலை நனைந்திருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், உங்கள் வேதத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிடித்து உட்காரவைத்து உச்சந்தலையை மோந்து பார்த்தேன். உப்பு வாடை. வேர்வைதான். அவள் அம்மா, "பிள்ளை ஓடுனா வேர்க்காதா, மல்லிப்பூவா மணக்கும்?" என்று என்னைக் கேலி செய்தாள். அதற்குப் பிறகும் தினமும் தொட்டுப் பார்த்தேன். கழுத்தில் மாதா சுரூபம் ஏதும் தொங்குகிறதா என்றும் பார்த்தேன்.

பிறகுதான் நீர் போட்டிக்குப் பேர் கொடுக்கும் தாளோடு வந்தீர். எல்லாம் நிரப்பியிருந்தது, படம் ஒட்டுவது ஒன்றுதான் பாக்கி. வாசித்துக் காட்டச் சொன்னேன். பிள்ளையின் பேர், வயது, விலாசம், எந்த ஓட்டம், அடிபட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், கோயில் முத்திரை எங்கே வைக்க வேண்டும். வாசித்து மடித்து, "அவ்வளவுதான்வே" என்றீர். தாளில் மேலிருந்து கீழ்வரை எழுத்து. உம் வாயில் வந்ததோ கொஞ்சம். அதைவிட ஒன்று உறுத்தியது. எந்தத் தாளை நீட்டினாலும் என் பெருவிரலைக் கேட்பார்கள். அந்தத் தாள் கேட்கவில்லை.

"படம் ஒட்டி நாளைக்குத் தாரேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் பை கொடுக்கப் போன இடத்தில், மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் ஒரு சாரிடம் நீட்டினேன். நீர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அவர் வாசிக்க வாசிக்க உள்ளுக்குள் ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. கடைசிக்கு முந்தி ஒரு வரி அதிகம் வந்தது.

"கார்டியன்னு ஒருத்தர் பேர் போட்டிருக்கேப்பா. உன் பேர் இல்லையே."

"அப்படின்னா?"

"அப்பா ஸ்தானத்துல நிக்கறவர்."

உம் பேர். அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்து இரண்டு பைக்கு வாரைத் தலைகீழாகத் தைத்தேன். உங்கள் ஆட்கள் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என்று ஒருவர் நிற்பார் என்பது எனக்குத் தெரியும். சந்தேகம் உறுதியாகிவிட்டது. உம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை ஒட்டிக் கொடுத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

செம்பூர் மைதானத்தில் போட்டி. சொல்லாமல் வந்து உம் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மேசையில் இருந்த ஆள் தாளைப் பார்த்துவிட்டு, "சைன் கரோ" என்று உம்மிடம் பேனாவை நீட்டினான். நீர் வாங்கினீர்.

"யாருவே அப்பன்?" என்றேன்.

நீர் திரும்பிப் பார்த்தீர். முகத்தில் ரத்தமே இல்லை. நான் மேசைக்காரனிடம் பெருவிரலைக் காட்டி, நான்தான் அப்பன், மை எடு என்றேன். அவன் என் விரலைப் பார்த்தான். "அங்கூட்டா நஹி சலேகா, சாச்சா. சைன் சாஹியே." கைநாட்டு செல்லாது, கையெழுத்துத்தான் வேண்டும். இல்லையென்றால் பேரை அடித்துவிடுவானாம். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு தகப்பன்மார் சிரித்தார்கள்.

நீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர். அந்த வரியை ஏன் விட்டீர் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூரத்தில் மகள் நெஞ்சில் நம்பர் துணியைக் குத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பேனாவை உம் பக்கம் தள்ளி, "போடும்வே" என்றேன். நீர் போட்டீர்.

ஓட்டத்துக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாகச் சிலுவை போட்டார்கள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நான் மிஷினைத் தொட்டு ஒற்றுவதுபோல. இரண்டாவதாக வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "கைநாட்டு எடுக்க மாட்டான்னு உம்ம மூஞ்சிக்கு நேரா நான் எப்படிவே சொல்ல?" என்றீர்.

"அதுக்கு அப்பன் எடத்துல ஒம்ம பேரைப் போடுவீரோ?"

"தப்புதான்."

நீர் தப்பு என்று சொன்னீர். அதோடு விட்டேனா? மறுநாளும் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அவள் கல்யாணத்துக்கு நீர் ஓடியாடி வேலை செய்தபோதும், இந்த மனுஷனுக்கு என்னதான் வேண்டும் என்று யோசித்தேன். நீர் இருந்த காலம் முழுக்க யோசித்தேன். நீர் ஒன்றும் கேட்கவே இல்லை.

இந்த மழைக்கு முன்னால் உம்மை அடக்கத்துக்கு எடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். உங்கள் கோயில் சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். என் தலையிலும் இரண்டு சொட்டு விழுந்தது. துடைக்கவில்லை.

நேற்று பேத்தியின் தாளில் மகளே கையெழுத்துப் போட்டாள். பேத்தி கேட்டாள், "தாத்தா, அம்மா தாள்ல என்ன இருந்திச்சு?" சொன்னேன். எனக்கு அது உம் குரலில்தான் வரும். பேர், வயது, விலாசம், எந்த ஓட்டம், அடிபட்டால் யாரிடம், முத்திரை எங்கே. அந்தக் கார்டியன் வரி வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

"அம்புட்டுதானா?" என்று மகள் என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

இப்போது எழுதுவதை நிறுத்தி நிறுத்தி மறுபடியும் என்னைப் பார்க்கிறாள்.