ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சு

அணித்தலைவி அம்மாளுக்கு,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்க. எனக்கு சாயங்கால டியூட்டி.

நேத்து உன் சாரணியர் ஸ்கார்ஃப் நுனியில இருந்த முடிச்சை அவிழ்த்து இஸ்திரி போட்டது நான்தான். அதுக்குப் போய் காலையில ஸ்கார்ஃபை வீசிட்டு ஸ்கூலுக்குப் போயிட்ட. உன் சாரணியர் புத்தகத்தைப் புரட்டினேன். காலையில முடிச்சுப் போட்டு, யாருக்காவது ஒரு நல்லது செஞ்ச பிறகுதான் அவிழ்க்கணுமாம். நல்லது செய்யக்கூட ஞாபகத்துக்கு முடிச்சு வேணுமா உங்களுக்கு? இடது கையில கைகுலுக்கல், மூணு விரல்ல சல்யூட், பேச்சுக்குப் பேச்சு உறுதிமொழி. இருபது வருஷமா ஆஸ்பத்திரியில கட்டுப் போடறேன், எனக்கு ஒருத்தரும் பேட்ஜ் குத்தலை.

போகட்டும். மறுபடி முடிச்சுப் போட்டு நாற்காலியில வச்சிருக்கேன்.

கிளம்பும்போது எழுதறது: என் டியூட்டி ஷூவை யாரோ துடைச்சு, அறுந்த லேஸை எடுத்துட்டு புதுசு கோத்திருக்காங்க. அவ்வளவு கோபத்திலயும். யாருன்னு கேக்க மாட்டேன். செஞ்சதை வெளியில சொல்லக்கூடாதுன்னும் அந்தப் புத்தகத்துல இருக்கே.

முடிச்சை அவிழ்த்துட்டேன். இந்தத் தடவை தெரிஞ்சுதான்.

அம்மா