கிறேஸ் சொல்லாமல் விட்டது

1974 டிசம்பர் 1, ஞாயிறு

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் கொப்பி பாடக்குறிப்பு எழுதுவதற்கென்று பள்ளிக்கூடத்தில் தந்தது. கடதாசிக்கு இவ்வளவு தட்டுப்பாடான நேரத்தில் என் கதையை எழுதி அதை வீணாக்குவது சரியில்லை. எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடப்பதுமில்லை. ஆனால் வாயால் சொல்ல வராதவள் வேறென்ன செய்வாள்?

இன்று ஆகமன காலம் தொடங்கியது. அப்பா அலுமாரிக்கு மேலிருந்து முன்னிட்டியை இறக்கித் தூசி தட்டினார். உடைந்த வள்ளத்துப் பலகையில் அவர் செய்த சின்னப் பெட்டி. நத்தார் அன்று பாலன் யேசு படுக்கிற இடம். அதுவரை பிள்ளைகள் அதற்கு மெத்தை போட வேண்டும். ஒவ்வொரு நாளும் செபமாலை முடிய, அன்று செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி ஓர் இழை. மற்ற வீடுகளில் வைக்கோல். எங்களுக்கு வயல் ஏது? கரையில் ஒதுங்கிக் காய்ந்த கடற்புல், சாதாளைதான். நானும் அண்ணையும் சின்னனில் போட்டதும் அதைத்தான்.

இப்போது யாகப்பு அண்ணையின் பிள்ளைகள் போடுகிறார்கள். அருளப்புவுக்கு நாலு வயது. "நான் இண்டைக்குப் பாயில மூத்திரம் பெய்யேல்லை" என்றான்.

"அதுக்கு ஒரு கட்டே போடலாமடா" என்றார் அண்ணை.

கிறேஸ் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏழு.

"மாமி, நீங்கள் போடேல்லையோ?"

"பெரியாக்கள் போடுறேல்லை."

"ஏன், பெரியாக்கள் நல்ல காரியம் செய்யிறேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

டிசம்பர் 3

மழை. வள்ளம் இறங்கவில்லை. வீடு முழுக்க ஈர வலை மணம். என் சேலைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் இன்னும் மோசம்.

இன்று தவணை முடிந்தது. என்னோடு படிப்பிக்கிற இராசேஸ்வரியும் தலைமையாசிரியை சறோஜினிதேவி ரீச்சரும், உங்கள் ஊறாத்துறையில் நண்டு மலிவாமே என்று என்னுடன் பஸ்ஸில் வந்தார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், அப்பா என்ன வேலை என்று கேட்டபோது "துறைமுகத்தில" என்றிருந்தேன். பொய்யில்லை. துறையில்தானே அவர் வள்ளம் நிற்கிறது. அவர்கள் கந்தோர் உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

துறையில் மாக்கிறேற் மச்சாள், அண்ணையின் மனைவி, சாக்கில் நண்டைப் பரப்பிக்கொண்டு இருந்தா. நான் பின்னுக்கு நின்றேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு. இராசேஸ்வரி பேரம் பேசினாள். "எணேய், இது நண்டோ, நண்டின்ர கோதோ?" என்று. மச்சாள் விட்டுக்கொடுக்கவில்லை. "கோதெண்டால் வையுங்கோ பிள்ளை, கடிக்கிறதுக்கு முந்தி."

அப்போதுதான் எங்கிருந்தோ "மாமீ!" என்று ஒரு சத்தம். கிறேஸ் ஓடி வந்தாள். கையெல்லாம் மீன் செதிள். சட்டையின் முன்பக்கம் நனைந்து வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. என் சேலைத் தலைப்பைப் பிடித்துவிட்டாள்.

"ஆர் செபா இந்தப் பிள்ளை?" என்றார் சறோஜினிதேவி ரீச்சர்.

நான் தலைப்பை இழுத்துக்கொண்டேன். "அயல்வீட்டுப் பிள்ளை, ரீச்சர். எல்லாரையும் மாமி எண்டுதான் கூப்பிடும்."

எவ்வளவு சுலபமாக வந்தது! வகுப்பில் ஒரு வசனம் பேச நெஞ்சு இடிக்கிறவள் நான்.

கிறேஸ் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள்.

"நான் போயிட்டு வாறன், ரீச்சர்" என்றாள். என்னிடம்.

மச்சாள் அந்தப் பக்கம் திரும்பி நண்டு கட்டிக்கொண்டிருந்தா. கேட்டிருக்காது.

டிசம்பர் 7

நேற்றுச் செபமாலை முழுக்க, இப்போது சொல்லப் போகிறாள், இப்போது சொல்லப் போகிறாள் என்று இருந்தேன். ஒரு மணியும் மனதில் நிற்கவில்லை. கடைசியில் மச்சாள் கேட்டா: "கிறேஸ், இண்டைக்கு என்ன நல்ல காரியம்?"

"ஒண்டைச் சொல்லாமல் விட்டனான்."

"என்னத்தை?"

"அதைச் சொன்னால் பிறகு நல்ல காரியம் இல்லையே அம்மா."

அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். "உன்ர வாய்க்கு இது பெரிய காரியம்தான். போடு, போடு."

அவள் ஓர் இழை எடுத்தாள். நீளமானதாகப் பார்த்து எடுத்தாள். என்னைப் பார்க்கவேயில்லை.

டிசம்பர் 9

ஒவ்வொரு நாளும் அதே நல்ல காரியம். "இண்டைக்கும் சொல்லேல்லை." வீட்டில் இது ஒரு பகிடியாகிவிட்டது. அம்மா, "இவள் கன்னியாஸ்திரி மடத்துக்குத்தான் போவாள்" என்கிறா. அருளப்புவும் தன் பங்குக்கு, "நானும் சொல்லேல்லை" என்று ஒன்று போட்டான். அவனுக்குச் சொல்ல எதுவுமில்லை.

பெட்டி நிரம்புகிறது. என் பொய்யால்.

வேறொன்று. அவள் இப்போது என்னை மாமி என்று கூப்பிடுவதில்லை. ரீச்சர் என்றுமில்லை. பக்கத்தில் வந்து நின்று, நான் பார்க்கும்வரை காத்திருக்கிறாள்.

டிசம்பர் 14, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். கோபம், சோம்பல் இவற்றுக்கு நடுவில் வைத்து, மெல்ல. சுவாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே. கோயில் வாசலைத் தாண்டு முன்பே சொல்லி முடித்துவிட்டேன்.

மன்னிப்பு இவ்வளவு மலிவா? இல்லை, நான்தான் மலிவாகக் கேட்டேன்.

டிசம்பர் 17

சங்கக்கடையில் சீனிக்கு நின்றபோது இராசேஸ்வரி.

"செபா, நத்தாருக்கு உம்மட வீட்டை வரப்போறன். கொக்கிசு சுடுவியள்தானே? அம்மாவுக்கும் ஒரு சரை கட்டித் தாரும்."

புளியங்கூடலில் அவள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அவளின் தாயார் அன்னபூரணம் அம்மா, எனக்கு வெண்கலப் பேணியில் கோப்பி தந்து, என் தலையில் பூவும் வைத்துவிட்டவர்.

"நாங்கள் நத்தாருக்கு யாழ்ப்பாணம் போறம்" என்றேன்.

"அட, போங்கோ" என்று முகம் சின்னதாகிப் போனாள். அவளுக்கு என்மேல் உண்மையான விருப்பம். அதுதான் பெரிய வெட்கம்.

யேசுவைத் தெரியாதென்று மறுத்த பேதுருவுக்காவது ஒரு சேவல் கூவியது. எங்கள் வீட்டுச் சேவலை அம்மா நத்தாருக்கென்று கட்டிப் போட்டிருக்கிறா. அது காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறது. நான் என்ன செய்ய?

டிசம்பர் 20

வீடு முழுக்கப் பலகாரம். சீனி காணாது, பயற்றம் உருண்டைக்குப் பனங்கட்டி. கொக்கிசு அச்சை எண்ணெயில் தோய்க்கிற வேலை என்னுடையது. கழன்று வராத முதல் நாலையும் அருளப்பு தின்றுவிட்டான். "பிழைச்சதெல்லாம் எனக்கு" என்று குசினி வாசலிலேயே இருந்தான்.

அண்ணை பழைய வலைத் துண்டை இழுத்துக் கட்டிக் குடிலுக்கு வானம் செய்தார். பிள்ளைகள் அதில் சிப்பிகளைத் தொங்கவிட்டார்கள், நட்சத்திரமாம். சூசையப்பர் சிலைக்கு ஒரு கை இல்லை. கிறேஸ் அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள், கை இல்லாதது தெரியாமல்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் கிணற்றடிக்குப் போனேன்.

டிசம்பர் 23

என் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பித்திருந்தேன். கிறேசுக்கு இளநீலத்தில், கழுத்துக்கு வெள்ளை ரேந்தைப் பின்னல். போட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி முன் நின்று முன்பக்கத்தை இரண்டு கையாலும் தடவினாள். கையை மோந்தும் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"இதைப் போட்டுக்கொண்டு வந்தால் துறையில உங்களைக் கூப்பிடலாமோ?"

நான் ரேந்தையை நீவிவிட்டேன். ஒன்றுமே சொல்லவில்லை! பட்டம் படித்தவள், வாயைத் திறந்து ஒரு சொல்... அவள் சட்டையைக் கழற்றி, மடித்து, என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சட்டையில்தான் பிழை என்று நினைத்திருக்கிறாள். இத்தனை நாளும்.

டிசம்பர் 24, செவ்வாய்

விளக்கு வைத்ததும் செபமாலை. கடைசி இழை. கிறேஸ் வழக்கம்போல் "இண்டைக்கும்..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. துறை, ரீச்சர்மார், அயல்வீட்டுப் பிள்ளை. "துறைமுகத்தில வேலை" என்று சொன்னதையும். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. அவர் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பி, "வள்ளம் சரியாய்க் கட்டியிருக்கோ பாப்பம்" என்று வெளியே போனார். வள்ளம் மதியமே கரையில் இழுத்து வைத்தது.

அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை.

மச்சாள்தான் கடைசியில் பேசினா. "எனக்குத் தெரியும் மச்சாள். அண்டைக்கு எனக்குக் கேட்டது. நீங்கள் என்ர முகத்தைப் பார்க்க வேண்டி வருமெண்டுதான் அங்கால திரும்பினனான்."

அப்படியென்றால் இந்தப் பெட்டியில் மச்சாள் போடாத இழைகளும் உண்டு.

கிறேசின் கையில் அந்த இழை இன்னும் இருந்தது. "இப்ப இதைப் போடலாமோ, கூடாதோ?" என்று தாயைக் கேட்டாள். "போடு பிள்ளை" என்றா மச்சாள்.

அப்பா திரும்பி வந்து சோறு தின்றார். பூசைக்குப் புறப்படும்போது, "பிள்ளை, முக்காட்டைப் போடு, பனி" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 25

பூசையால் வந்ததும் அருளப்புதான் பாலனை வைத்தான். வீட்டின் கடைக்குட்டி வைப்பது வழக்கம். தூக்கத்தில் பாலனைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அப்பா முன்னிட்டியில் கை வைத்து அமத்திப் பார்த்தார். "இந்த வரியம் நல்ல மெத்தை" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

காலையில் கொக்கிசும் உருண்டையும் ஒரு தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி எடுத்தேன். நல்ல நாளில் சிநேகிதர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவது எங்கும் உள்ளதுதானே. கிறேசை நீலச் சட்டையோடு கூப்பிட்டேன். அவள் பழைய சட்டையோடுதான் வந்து நின்றாள். வெடி கொளுத்தி நீலத்தில் கரியாக்கிவிட்டாளாம். நல்லது என்று கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் கேட்டாள்: "அங்க உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" முன் சீற்றில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் தட்டைச் சரி பண்ணினேன். இன்னும் அந்தப் பழைய நாக்குத்தான் எனக்கு.

இராசேஸ்வரி படலைக்கு ஓடி வந்தாள். "செபா! நீர் யாழ்ப்பாணம் போகேல்லையோ?"

"பொய் சொன்னனான். நீர் வீட்டை வந்திடுவீர் எண்டு பயத்தில சொன்னனான். இது அண்ணையின்ர மகள், கிறேஸ். அண்டைக்கு நீர் நண்டு வாங்கினது இவளின்ர தாயிட்ட. அப்பாவும் அண்ணையும் பிடிச்ச நண்டு."

அவள் வாயில் கை வைத்தாள். "ஐயோ, அது உம்மட மச்சாளோ! நான் கோது எண்டெல்லாம் கத்தினனான். நீர் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டீர், கள்ளி!"

அன்னபூரணம் அம்மா பின்னால் வந்து எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமில்லை. "வந்த பிள்ளையள் வெறும் வாயோட போகக் கூடாது" என்று சொல்லி, முற்றத்து மரத்தில் ஆளை ஏற்றி இளநீர் இரண்டு வெட்டுவித்துத் தந்தார். நானும் கிறேசும் முற்றத்தில் நின்றபடியே குடித்தோம். வெண்கலப் பேணி இன்று உள்ளேயே இருந்துவிட்டது, கடற்கரை ஆட்களின் வாய் படாமல். பூவும் இல்லை. எனக்கு விளங்கியது. இராசேஸ்வரிக்கும் விளங்கியது, காது வரை சிவந்துபோனாள். தாயார் தட்டை வாங்க முன்பே துணியை விலக்கி, ஒரு கொக்கிசை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கக் கடித்தாள். பிறகு இன்னொன்று. மற்றக் கையில் ஒன்றும் வைத்துக்கொண்டாள்.

"நல்ல மொறுமொறுப்பு, அம்மா" என்றாள். தாயார் தட்டை வாங்கவில்லை. அவள்தான் வாங்கினாள்.

நான் நினைத்துப் பயந்தது நடந்துவிட்டது. பார்த்தால், இளநீர்தான். குடிக்கலாம்.

கிறேஸ் என் சேலையைத் தொட்டாள். தலைப்பையல்ல, ஓரத்தை, இரண்டு விரலால். "பஸ் வந்திடும், ரீச்சர்" என்றாள் மரியாதையாக. அங்கே இன்னும் எனக்காகக் காவல் நிற்கிறாள்!

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் நல்ல சனம். பூசை முடிந்து வந்தவர்கள், புளியங்கூடல் ஆட்கள், என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தாய்மாரோடு. நான் இளநீர் சிந்தி ஈரம் காயாத அந்தப் பழைய சட்டைக்கு முன்னால் முழங்காலிட்டேன். இந்த மாதம் முழுக்க வாய்க்குள் வைத்திருந்ததை, இரகசியமாக அல்ல, எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்:

"கிறேஸ், இனி என்னை எங்க கண்டாலும், என்னோட ஆர் நிண்டாலும், கை கழுவாமல் ஓடி வா. மாமி எண்டு கூப்பிடு, பிள்ளை. ஒருக்கா இப்பவே கூப்பிடு."