பேய் போட்ட காபி

மைசூர்

அன்புள்ள மாதேவிக்கு ரத்தினசாமி எழுதுவது. இங்கே சுகம். அங்கே பூங்குழலியும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் மூன்று சினிமா பார்த்தேன். அதில் ஒன்றை நானே கெடுத்தேன். இதை மற்றவர்கள் உனக்குச் சொல்வதற்குள் நான் சொல்வது நல்லது. போனில் பேசினால் பூங்குழலி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் இருமினால் மாப்பிள்ளை மருந்து சொல்கிறார். அதனால்தான் கடிதம். அங்கே டொரண்டோவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மஞ்சுநாத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

தன் மகள் கல்யாணத்துக்கு நம்மிடம் பந்தல் வாடகைக்கு எடுத்தாரே, ரயில்வேயில் இருந்த சாம்பு சார், அவர் இப்போது ஒரு திரைப்படச் சங்கம் வைத்திருக்கிறார். கல்யாண மண்டபம் பிடித்துப் படவிழா நடத்தினார். நாற்காலியும் ஜெனரேட்டரும் நம் வாடகைக் கடையிலிருந்து போனவை. புது இடத்துக்குச் சரக்கை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனசு வராது. வீட்டில் உட்கார்ந்து செய்யவும் ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

முதல் படத்தை ‘பரீட்சார்த்தப் படம்’ என்றார் சாம்பு சார். யாருக்குப் பரீட்சை என்று போகப் போகத் தெரிந்தது. ஒரு சுவர். சுவரில் ஈரம். ஒரு குழாய் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடுவார்கள் என்று நானும் பார்த்தேன், கூப்பிடவே இல்லை. திடீரென்று திரை முழுக்க இருட்டு. தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனால் பெண் வீட்டார் நம் குடும்பத்தை எப்படியெல்லாம் வாழ்த்துவார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பழக்கம். எழுந்து நின்று, “ஜெனரேட்டர் ஹாகோ கெம்பையா” என்று கத்தினேன். நம் கடைக் கெம்பையனும் போடு என்றால் உடனே போடுகிற ஆள். ஜெனரேட்டர் உறுமியது, பந்தல் லைட் எல்லாம் பளீரென்று எரிந்தது. படத்தில் வேண்டுமென்றேதான் இருட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஜனங்கள் கை தட்டினார்கள். அதுவும் படத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். படம் எடுத்த பையனிடம் அந்த வெளிச்சத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். அவன் முதலில் அழுகிற மாதிரி நின்றான். பிறகு சுதாரித்துக்கொண்டு வெகுநேரம் அர்த்தம் சொன்னான். பிழைத்துக்கொள்வான்.

இரண்டாவது பேய்ப் படம். மனைவி இல்லாமல் ஒருவன் தனியாக இருக்கிறான். விடிந்து எழுந்தால் அடுப்பு தானாக எரிகிறது, மேஜையில் காபி ஆவி பறக்க இருக்கிறது. மண்டபமே அலறியது. எனக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறதென்று புரியவில்லை. பேயாக இருந்தாலும் வேளைக்குக் காபி போட்டு வைக்கிறதே. நான் இப்போது முனையில் இருக்கும் கடையில்தான் குடிக்கிறேன். கழனித்தண்ணீர். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சாம்பு சார் கையைப் பிடித்தேன். அவர்தான் முதலில் பிடித்தார். ஜனங்கள் துள்ளியதில் சில நாற்காலிக்குக் கால் போய்விட்டது. இனிமேல் பேய்ப் படத்துக்கு இரும்பு நாற்காலிதான் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஆவணப் படம். கோபிநத்தம் பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஒரு புருஷன் பெண்சாதி. நம் பக்கத்துத் தமிழைத் திரையில் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. படம் எடுத்த பெண் அந்த மனுஷனிடம் உங்கள் சம்சாரத்துக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அவர் ஆட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில், “அவளைத்தானுங்க கேக்கோணும்” என்றார். பின்னாலிருந்து அந்தம்மா, “இத்தன வருசமாக் கேக்காத மனுசன் கேமராவக் கண்டதும் கேக்கறாராமா” என்றது. மண்டபம் சிரித்தது. சாம்பு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை, மாதேவி. என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த மண்டபத்தில் எந்தக் கதவு தரையில் உரசும் என்று கேள், சொல்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும்? எனக்கு வைத்துவிட்டு மீதியை நீ சாப்பிடுவாய் என்பது மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் இன்னொன்று நினைவு வந்தது. மேட்டூருக்குச் சரக்கு எடுக்கப் போனபோது, பாலாறு செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை மெதுவாக விடச் சொன்னாய். அங்கே பொரித்த மீன் விற்றார்கள். மீனுக்காகவா, ஆற்றைப் பார்க்கவா என்று நான் கேட்கவில்லை.

பூங்குழலியின் பிரசவத்துக்குப் போனவள், பேத்தி குப்புற விழும் வரை இருக்கட்டுமா என்று போனில் கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். வாரத்தில் ஒரு நாள் கடை சாத்துவீர்களா என்றாய். நம் தொழிலில் லீவா என்று சிரித்தேன். “அப்பறம் நான் அங்க வந்து என்ன பண்றது, நாற்காலிய எண்றதா?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில் மாப்பிள்ளையும் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே என் முடிவான பேச்சு இது. செவ்வாய்தோறும் கடை சாத்தப்படும், சாவி உன்னிடம் இருக்கும். ஆடி மாதத்தில் ஒரு வாரம் முழுக்கச் சாத்தப்படும். மாதம் ஒரு சினிமா, படம் உன் விருப்பம். இருட்டானால் நான் எழுந்திருக்க மாட்டேன். நாற்காலியைக் கெம்பையன் எண்ணுவான். உன் பக்கத்தில் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், டிக்கெட்டைத் தள்ளிப்போடாமல் வருவது. முதல் செவ்வாய் பாலாறு. வண்டி மெதுவாகப் போகும், நீ சொல்கிற இடத்தில் நிற்கும்.

இப்படிக்கு,
ரத்தினசாமி