புளி உருண்டையும் சுறாப்புட்டும்

கையை மூன்று முறை கழுவியாயிற்று. வாடை போகவில்லை. நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு போவேனா என்கிறது. சரி, போகாவிட்டால் போகட்டும், உனக்கு எழுதியாவது வைப்போம் என்று மேஜைக்கு வந்துவிட்டேன்.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இங்கே பக்கத்திலேயே ஒரு ஆசியச் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. சீனாக்காரர்கள் நடத்துவது. காலையில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் பின்னாலேயே மெல்லப் போனேன். கடைசிச் சுவர் முழுக்க மீன். கண்ணாடித் தொட்டியில் உயிரோடு சில, ஐஸ் மேல் வரிசையாகச் சில, கொடுக்கில் ரப்பர் வளையம் போட்ட நண்டு ஒரு கூடை. ஐஸ் மேல் கிடந்த ஒரு மீனைப் பார்த்ததும் என்னையும் அறியாமல் விரலை நுழைத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். கவுண்டரில் நின்றவர் அவர் பாஷையில் ஏதோ சொன்னார். "தொடாதம்மா, இங்க அவங்களேதான் எடுத்துத் தருவாங்க" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். செவுள் நல்ல சிவப்பு. நீ இருந்திருந்தால் வாங்கியிருப்பாய்.

அதற்கு அடுத்த தட்டில் சின்னச் சின்னச் சுறா. நீளமாக, சாம்பல் நிறத்தில், வாயைக் கீழே வைத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். "இன்னாம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை, அதில் இரண்டு வாங்கு என்றேன். ஐம்பது வயது தாண்டிய அந்தப் பெண்ணுக்கு, அவள் உயிரோடு இருப்பதே அந்த மீனால்தான் என்பது அதுவரை தெரியாது.

நான் கடலோரத்துப் பெண் என்பது உனக்குத் தெரியும். மீன் இல்லாத சோறு என் அப்பா வீட்டில் சோற்றுக் கணக்கிலேயே வராது. பிள்ளையார்பாளையத்தில் என்னைக் கொடுத்தபோது, மாமனார் தீட்சை வாங்கியவர், வீட்டில் முட்டை கூட நுழையாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன செய்திருப்பேன், தலையைக் குனிந்துகொண்டு கழுத்தை நீட்டியிருப்பேன். தறி ஓடுகிற வீடு. நீ எங்கள் வீட்டுக்குத் தார் சுற்ற வருவாய். தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் சுற்றிச் சுற்றிக் குச்சியில் ஏற்றுவாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது. மாமியார் எதிரில் "அண்ணி" என்பாய். தெருமுனை தாண்டினால் "இன்னாமே" என்பாய்.

நான் தட்டில் உள்ள கத்திரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதை நீ ஒருத்திதான் கண்டுபிடித்தாய். "மீனுக்கு ஏங்கற மூஞ்சி எனக்குத் தெரியாதாமே?" என்றாய். அப்புறம் நாம் இரண்டு பேரும் ஆடிய ஆட்டம் கொஞ்சமா. காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். பொய் சொன்ன பாவம் வேண்டாமே என்று முதலில் கோயிலுக்குத்தான் போவோம். நெற்றி நிறையக் குங்குமத்தோடு அங்கிருந்து நேராக மீன் மார்க்கெட்.

கடல்மீன் அப்போதெல்லாம் பஸ் கூரை மேல் கூடையில் வரும். ஐஸ் உருகி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மேலெல்லாம் சொட்டும். பஸ் வருகிற நேரம் உனக்கு அத்துப்படி. நீ மீன் வாங்குவதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். கடலோரத்தில் பிறந்தவள் நான், ஆனால் வீட்டு வாசலில் வந்து கொட்டிவிட்டுப் போன மீனைத்தான் தின்றிருக்கிறேன், வாங்கத் தெரியாது. நீ செவுளைத் தூக்குவாய், வயிற்றை அமுக்குவாய், கண்ணைக் குனிந்து பார்ப்பாய்.

"தொட்டுத் தொட்டு மீனுக்கே வலிக்கப் போவுது" என்பாள் மீன்காரம்மா.

"செத்த மீனுக்கு இன்னா வலி. கண்ணு பால் பூத்துப் போச்சு பாரு, முந்தாநேத்து மீனு இது."

"காத்தாலதாம்மா வந்துச்சு."

"காத்தால வந்தது பஸ்ஸு."

அவளே சிரித்துவிட்டு, அடியில் ஒளித்து வைத்த கூடையை இழுப்பாள். கானாங்கெளுத்தி, காரப்பொடி, சில நாள் எறா. உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு நான் எழுந்தால் விடமாட்டாய். அதில் நீ ரொம்பக் கறார். புளிச் சக்கையைப் போட்டு விரல் விரலாகத் தேய்ப்பாய், பிறகு அடுப்புச் சாம்பல், பிறகு மோர். என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாய். உன் கைக்கும் அதேதான். "பட்டு பொல்லாததுமே. எந்த வாடையும் புடிச்சிக்கும், வுடாது" என்பாய். மீன் தின்றுகொண்டே பட்டில் வேலை செய்கிறவள் நீ. உன்னைப்போல் சுத்தமான கை அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

என் முதல் பிள்ளை ஒரு மாதம் கூடத் தங்கவில்லை. பால் இல்லை எனக்கு. மாட்டுப்பால் அதற்குச் சேரவில்லை. இரண்டாவது முறை நான் வாயும் வயிறுமாக ஆனபோது எல்லோருக்கும் பயம். மாமியார் என்னைக் குனிந்து ஒரு சொம்பு எடுக்க விடமாட்டார்கள். நீதான், ரத்தம் ஊறணும் என்று, வாரத்துக்கு ஒரு நாள் இழுத்துக்கொண்டு போவாய்.

அந்த நாளும் அப்படித்தான். கானாங்கெளுத்திக் குழம்பு. பாதிச் சோறு இறங்கியிருக்கும், தெருவில் மாமியார் குரல். தறியிலிருந்து முகூர்த்தப் புடவை அறுத்தாயிற்று, கடைக்காரர் ஆள் காத்திருக்கிறார், முந்தானைக் குஞ்சம் முடிய வேண்டும், எங்கே இவள் என்று. நீ புளியைக் கரைக்க எழுந்தாய். நான் நிற்கவில்லை. தொட்டித் தண்ணீரில் கையை முக்கினேன், புடவையில் துடைத்தேன், கொல்லை வழியாக ஓடினேன். புளி வாசனையோடு போனால் ஏன் என்று கேட்பார்களே என்றுகூட நினைத்தேன். புத்தியைப் பார்.

அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. முந்தானை நுனி இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, விரலால் உருட்டி உருட்டி முடிந்தேன். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னாலேயே வந்து, மடிக்கும்போது எதிர்ப்பக்கம் பிடித்தவள் நீ. புடவை போய்விட்டது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பெண் வீட்டார் வெங்காயம் கூடச் சேர்க்காதவர்களாம். பெட்டியைத் திறந்த உடனே மீன் வாடை தெரிந்துவிட்டதாம். யார் கை என்று தெரியாமல் இனி இந்த வீட்டுக்கு வேலை தர முடியாது என்று கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமனார் அதை மடியில் வைத்து, குஞ்சத்தை எடுத்து முகர்ந்தார். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கினார். யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப என்ன இருக்கிறது, அந்த வீட்டு மருமகள் கையில் மீன் வாடை எப்படி வரும்? எல்லாக் கண்ணும் ராட்டையில் உட்கார்ந்திருந்த உன் மேல் போயிற்று.

நீ என்னைப் பார்த்தாய். என் முகத்தையா என்றால் இல்லை, வயிற்றை.

"என் கைதாங்கய்யா" என்றாய். "குழம்பு வச்சிக்கினு இருந்தேன், கூப்ட்டாங்கன்னு அவசரத்துல வந்துட்டேன்."

மாமனார் கத்துகிற மனிதர் இல்லை. "உன் மேல கோவம் இல்லம்மா. இனிமே தறி வூட்டுக்கு வராதே" என்றார். நீ பாதி சுற்றிய தாரை அறுத்து, நூல் குலையாமல் கூடையில் வைத்துவிட்டு எழுந்து போனாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுப்பிள்ளை, மாமனார் தீட்சை, இடிந்துபோவார்களே மாமியார் என்று எத்தனையோ காரணத்தை இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

பாளையத்தில் ஒரு வீட்டுச் சேதி பத்து வீட்டுக்குப் போக எத்தனை நேரம். உன்னை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு மாதத்தில் உன் வீட்டுக்காரர் சைக்கிளில் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டார், நீ இடுப்பில் பிள்ளையோடு பின்னால் நடந்தாய். ஐயம்பேட்டையில் உன் அம்மா வீட்டுக்கு என்று சொன்னார்கள். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்தேன்.

எனக்கு அம்மா இல்லை என்பதால் என் பிரசவமும் மாமியார் வீட்டிலேயே. பெண் பிறந்தது. மறுபடியும் பால் இல்லை, வந்த சொட்டு போதவில்லை. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார்கள், பச்சைப் பப்பாளி கொடுத்தார்கள். பதினோரு நாளாயிற்று. குழந்தை அழக்கூட முடியாமல் முனக ஆரம்பித்தபோது, போன பிள்ளையும் இப்படித்தான் முனகிற்று என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

மத்தியானம் எல்லோரும் அசந்த நேரம். கொல்லைக் கதவு பக்கம் வளையல் சத்தம். நீ. ஐயம்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாய், மார்க்கெட்டில் பால்சுறா வாங்கி, எங்கோ யார் வீட்டிலோ அவித்து உதிர்த்துப் புட்டு பண்ணிக்கொண்டு. பார்த்தால் வாழைப்பூப் பொரியல் மாதிரியே இருந்தது. பூண்டு வாசனை அந்த அறையில் ஏற்கெனவே இருப்பதுதான்.

"கேட்டா வாழைப்பூன்னு சொல்லு. பால் ஊறும். துண்ணு" என்றாய். நான் அழ ஆரம்பித்தேன். "அழாதமே, பச்சை உடம்பு" என்றாய். என் சேலைத் தலைப்பில் ஏதோ முடிந்துவிட்டாய். "துண்ணுட்டு கைய நல்லாத் தேச்சிக் கழுவு."

நீ போன பிறகு அவிழ்த்துப் பார்த்தேன். எலுமிச்சங்காய் அளவு புளி உருண்டை. நடந்ததைப் பற்றி நீ எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

மூன்று நாள் வந்தாய். நான்காம் நாள் குழந்தையின் வாயோரம் பால் வழிந்தது. அதற்குப் பிறகு நீ வரவில்லை. நானும் தேடி வரவில்லை. ஐயம்பேட்டை என்ன, கடல் தாண்டியா இருந்தது?

நீ போய்ச் சேர்ந்த சேதியே எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது வந்தேன். உன் மகள் நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். நான் யார் என்று தெரிந்ததும் அவள் முகம் சுருங்கியது. "கையில மீன் நாத்தம்னு எங்கம்மாவ வேலைய வுட்டு நிறுத்தின வூடு உங்க வூடுதானே?" என்றாள். "அதுக்கப்புறம் எங்கம்மா யார் வூட்டுக்குப் போனாலும் கைய பின்னால கட்டிக்கினுதான் நிக்கும். கல்யாணத்துல பந்தி பரிமாறக் கூப்ட்டா கூட வராது."

பெற்ற மகளிடம் கூட நீ சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாம்மா, எங்க வூடுதான்" என்று மட்டும் சொல்லி, அந்தக் காபியைக் குடித்துவிட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறையும் வாயைத் திறக்கவில்லை. நீ என்னைத் திட்டித் தொலைத்திருந்தாலாவது திறந்திருப்பேனோ என்னவோ.

இன்றைக்குச் சுறாவை அவித்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து, "இத்த எங்க கத்துக்கினம்மா? நம்ம வூட்லதான் மீனே கிடையாதே" என்று கேட்டாள். உரிப்பதை நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. சொல்லி முடித்ததும் அவள் என்னைத் தேற்றவில்லை. "அவங்க பொண்ணு நம்பர் வச்சிருக்கியே, அங்க விடிஞ்சதும் போடு" என்றாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ, உன் கறார் அவளிடம் இருக்கிறது.

போட்டேன். உன் மகளிடம் சொன்னேன். குஞ்சம், குழம்பு, தொட்டித் தண்ணீர், நீ என் வயிற்றைப் பார்த்தது, சுறாப்புட்டு, எதையும் விடவில்லை. அவள் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்போ எங்கம்மா கை சுத்தமாத்தான் இருந்துச்சா?"

"சுத்தமா இருந்துச்சும்மா. வாடை என் கையில."

அவள் அழுதாள். "அது உசிரோட இருக்கறப்போ வந்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

இங்கே சமையலறையில் புளி இருக்கிறது. நான்காவது முறை தேய்த்துக் கழுவலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன். என் கை வாடையை நீ அத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாய். இனிமேல் அது என்னிடமே இருக்கட்டும்.